அடிமை உலகத்தைக் கட்டுவது எப்படி: கணக்கு நோட்டிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

அறிவியல் புனைகதையோ மாயாஜாலக் கதையோ எழுத உட்காருகிறவர்கள் அடிமை என்றதும் முதலில் தேடுவது சவுக்கையும் சங்கிலியையும்தான். முதல் பக்கத்தில் சுரங்கம், இரண்டாம் பக்கத்தில் சவுக்கடி, மூன்றாம் பக்கத்தில் தப்பி ஓடும் கதாநாயகன். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். சுரங்கத்தில் ஐயாயிரம் பேர், காவலுக்கு நாற்பது பேர். இத்தனை நாளாக ஏன் ஒருத்தரும் ஓடவில்லை? அதற்குப் பதில் கதைக்குள் இல்லையென்றால், நீங்கள் கட்டிய கிரகம் நாடகத் தட்டி மாதிரி பின்னால் முட்டுக் கொடுத்து நிற்பது தெரிந்துபோகும்.

பதில் பெரும்பாலும் ஒரு கணக்கு நோட்டில்தான் இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்து எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. முன்பணம், மேஸ்திரி, வாரச் செலவு, பாக்கி, கணக்கு முடிப்பு ஆகிய ஐந்து சொல்லும் சூளைக்கும் குவாரிக்கும் ஆள் போன எந்த ஊரிலும் புழங்குகிறவை. வெளிநாட்டு நாவலில் பார்த்த பருத்திக் காட்டை அப்படியே செவ்வாய்க் கிரகத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதை விட, இந்த ஐந்து சொல்லை எடுத்துக்கொண்டு போனால் கதை நிற்கும்.

எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள்

உங்கள் உலகத்தில் ஒருவர் எப்படி அடிமையாகிறார் என்பதை முதல் வரி எழுதுமுன் முடிவு செய்யுங்கள். மனு ஸ்மிருதி ஏழு வகை சொல்கிறது: போரில் பிடிபட்டவர், சோற்றுக்காக வந்தவர், அடிமையின் வயிற்றில் பிறந்தவர், விலைக்கு வாங்கப்பட்டவர், தானமாகக் கொடுக்கப்பட்டவர், பரம்பரையாக வந்தவர், தண்டனையால் ஆனவர். நாரத ஸ்மிருதி இதையே 15 வகையாக விரிக்கிறது. அந்தக் காலத்துச் சட்டம் எழுதியவர்களே இத்தனை வாசலைப் பிரித்து வைத்திருக்கும்போது, "அடிமைகள்" என்று ஒரே சொல்லில் கடந்துபோகிற புனைகதை சோம்பேறித்தனமானது.

ஒரு கதைக்கு இரண்டு வாசல் போதும். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு மனநிலை உண்டு. போரில் பிடிபட்டவருக்கு ஊர் ஞாபகம் இருக்கும், சொந்த மொழி இருக்கும். அதனால் காவல் அதிகம் வேண்டும், ஒரே மொழிக்காரர்களைச் சேர்த்து வைக்க மாட்டார்கள். அடிமையாகவே பிறந்தவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு வாழ்க்கையே தெரியாது. அவர் மனதில் "வெளியே" என்கிற எண்ணம் எப்போது, யார் சொல்லி முளைக்கிறது என்பது ஒரு முழு அத்தியாயத்துக்கான விஷயம். தண்டனை வாசல் என்றால் அரசாங்கமே முதலாளி. வேலைக்கு ஆள் குறையக் குறைய புதுப்புதுக் குற்றங்களைக் கண்டுபிடிக்க வேண்டிவரும். அமெரிக்காவில் 1865-ல் அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தமே, குற்றத்துக்கான தண்டனையாக வேலை வாங்குவதை விலக்காக வைத்தது. அந்த ஓட்டை வழியாகக் கைதிகளைத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் குத்தகைக்கு விட்டார்கள்.

கடன் வாசல் தனி ரகம். கடனுக்கு வந்தவர் தன்னை அடிமை என்றே நினைப்பதில்லை. அடைத்துவிட்டுப் போய்விடலாம் என்ற நம்பிக்கையோடு இருக்கிறார். அதனால் காவல் செலவு மிகக் குறைவு. நாற்பது காவலரை வைத்து ஐயாயிரம் பேரைக் கட்டிப்போட இதைவிட நல்ல வழி கிடையாது.

நோட்டை நீங்களே எழுதுங்கள்

ஒரு முழுப் பருவக் கணக்கை, கதையில் வராவிட்டாலும், காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் எழுதினால் எங்கேயோ ஒரு இடத்தில் முதலாளி வில்லன் சிரிப்பு சிரிக்க ஆரம்பிப்பார். ஒரு மாதிரிக் கணக்கு:

ஏதோ ஒரு கோளில் சுவர்க்கட்டி அறுக்கும் சூளை. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கூட்டு. முன்பணம் 4,000 காசு. நூறு கட்டிக்கு 12 காசு. இருவரும் சேர்ந்து நாளைக்கு 500 கட்டி அறுத்தால் 60 காசு, வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் 360. சாப்பாட்டுக்கு வாரச் செலவாக 200 கையில் கொடுப்பார்கள், மீதி 160 முன்பணத்தில் கழியும். பருவம் 24 வாரம். ஒரு நாள்கூட நிற்காமல் வேலை செய்தால் கழிவது 3,840. அப்போதும் 160 பாக்கி.

இப்போது உலகத்தை உள்ளே விடுங்கள். மூன்று வாரம் புயல், வேலை இல்லை, சாப்பாடு உண்டு. வேலை செய்த 21 வாரத்துக்கு வரவு 7,560. உடைசல் என்று நூற்றுக்கு ஐந்து கழித்தால் 378 போய்விடும், 7,182 நிற்கும். 24 வாரச் செலவு 4,800. கழிந்தது 2,382 மட்டும். பாக்கி 1,618. பண்டிகை, பிரசவம், ஊரில் அப்பாவுக்கு வைத்தியம் என்று அடுத்த பருவத்துக்கு 2,500 வாங்குகிறார்கள். புதுக் கடன் 4,118.

போன வருடத்தை விட 118 காசு அதிகக் கடனோடு இரண்டாம் வருடம் தொடங்குகிறது. இதில் ஒரு காசு வட்டி சேர்க்கவில்லை, ஒரு பொய்க் கணக்கும் எழுதவில்லை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். முதலாளி நோட்டில் திருட்டுத்தனம் செய்வதாகக் காட்டிவிடுகிறார்கள். அப்படியென்றால் நேர்மையான கணக்குப்பிள்ளை ஒருவர் வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். நேர்மையான கணக்கிலேயே ஆள் மூழ்குகிற மாதிரி கூலியை நிர்ணயித்துக் காட்டுங்கள். பொய்க் கணக்கு வேண்டுமானால் அதற்கு மேல் ஒரு கரண்டி.

விண்வெளிக் கதை என்றால் வாரச் செலவுக்குப் பதிலாக மூச்சுக்காற்றை வைக்கலாம். குவிமாடத்துக்குள் காற்று முதலாளியுடையது. தூங்கும்போதும் கணக்கு ஓடும். குழந்தை பிறந்தால் அன்றிலிருந்து அதன் பேரில் காற்றுக் காசு ஏறும். பிறப்பு வாசலும் கடன் வாசலும் ஒன்றாகச் சேர்கிற இடம் இது. இதற்கு மேல் ஒரு சவுக்கு தேவையே இல்லை.

கணக்கு முடிக்கும் காட்சியை எழுதும்போது குரலை உயர்த்தாதீர்கள். இப்படி ஒரு மாதிரி:

மேஸ்திரி நோட்டைப் புரட்டினார். "ரெண்டாம் குகை, மாரியும் சம்சாரமும். ஆயிரத்து அறுநூத்திப் பதினெட்டு பாக்கி."

"போன பருவமும் ஆயிரத்து அறுநூறுதானேங்க இருந்துச்சு?"

"அது கழிஞ்சிடுச்சுப்பா. இது புதுசு."

மாரி விரல்களை மடக்கிப் பார்த்தான். மூன்று வாரப் புயல் எந்த விரலில் வரும் என்று தெரியவில்லை.

"புயல் அடிச்ச நாளுக்கும் காத்துக் காசு புடிச்சிருக்கீங்களே," என்றாள் அவன் மனைவி, கதவோரம் நின்றபடி.

"புயல்ல மூச்சு விடாம இருந்தீங்களா?" மேஸ்திரி சிரித்தார், கோபமில்லாமல். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "சரி, பண்டிகைக்கு எவ்வளவு வேணும், சொல்லு," என்றார்.

இதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. மேஸ்திரி கெட்டவராகக்கூடத் தெரியவில்லை, அவரும் அதே ஊர்க்காரராக இருக்கலாம். கடைசியாகக் கேட்ட கேள்வியில் அடுத்த வருடம் முடிந்துபோகிறது. மனைவிக்குக் கணக்கு புரிகிறது என்பதையும் கவனியுங்கள். அடிமைகளை விவரம் தெரியாதவர்களாகக் காட்டுவது பழைய நோய். பெரும்பாலும் அவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வேறு கதவு இல்லை.

கடனை ஆளோடு சேர்த்து இடம் மாற்றவும் வழி வையுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்குத் "துண்டு" என்றே பெயர். இன்ன கூலியாளுக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டினால் ஆளை விடுவிக்கிறோம் என்று எழுதிய சீட்டு. அந்தச் சீட்டைக் காட்டி கங்காணி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆள்களை நகர்த்தினார். 1921-ல்தான் அது ஒழிந்தது. பெயரைப் பாருங்கள், துண்டு. கதைக்குக் கற்பனையாகச் சொல் உருவாக்க வேண்டுமென்றால் இப்படிச் சின்னதாக, சாதாரணமாக இருக்க வேண்டும். "இரும்பு விதி ஒப்பந்தம்" என்றெல்லாம் பெயர் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

சட்டத்தை எழுதாமல் நகராதீர்கள்

தெருக்கூத்தில் துகில் நாள் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சபையில் திரௌபதி கேட்பது ஒரு சட்டக் கேள்வி. தருமன் தன்னை முதலில் தோற்றானா, என்னை முதலில் தோற்றானா? தன்னைத் தோற்று அடிமையான பிறகு, இன்னொருத்தியைப் பணயம் வைக்க அவனுக்கு ஏது உரிமை? அடிமைக்குச் சொத்து உண்டா, அடிமையின் மனைவி யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு கேள்வியும் அதற்குள் இருக்கின்றன. சபையில் பதில் வருவதில்லை. உங்கள் உலகத்தில் பதில் இருக்க வேண்டும், அதை முதலாளிகள் தங்களுக்கு வசதியாக வளைப்பதும் இருக்க வேண்டும்.

இன்னொரு பாடம் பெரியபுராணத்தில். சுந்தரரின் கல்யாணத்தன்று ஒரு கிழவர் வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படி, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். அங்கே சபை கூடுகிறது, மூல ஓலை வருகிறது, பாட்டனின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், ஒத்துப்போகிறது. "யானும் என்பால் வருமுறை மரபுளோரும்" வழித்தொண்டு செய்வதாக ஓலை சொல்கிறது. பக்திக் கதையாகத்தான் இது சொல்லப்படுகிறது, கிழவர் சிவன். ஆனால் ஒரு அடிமை வழக்கு எப்படி நடக்கும் என்பதற்குத் தமிழில் இதைவிடத் துல்லியமான வருணனையைத் தேட வேண்டாம். படி, மூலம், ஆவணக் களரி, கையெழுத்து ஒப்பீடு, பேரன் வரை நீளும் வாசகம் எல்லாம் உண்டு. மாயாஜாலக் கதை எழுதுகிறவர்கள் இரத்தத்தில் கையெழுத்து, ஒளிரும் சங்கிலி என்று திணறுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படிப்பது நல்லது.

குறைந்தபட்சம் இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள். அடிமை கல்யாணம் செய்யலாமா? பிள்ளை யாருக்கு? சாட்சி சொல்லலாமா? காசு சேர்க்கலாமா, சேர்த்த காசில் தன்னையே வாங்கலாமா? முதலாளி கொன்றால் குற்றமா, நஷ்டமா? எழுதப் படிக்கலாமா?

கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். தென் கரோலினாவில் 1740-ல் வந்த சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தடை செய்தது. தோட்டத்தை விட்டு வெளியே போக முதலாளி எழுதிய அனுமதிச் சீட்டு வேண்டும். அடிமைக்கு எழுதத் தெரிந்தால் சீட்டைத் தானே எழுதிக்கொள்வார். தடை ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு நடைமுறைக் காரணம் கொடுத்தீர்களானால் உலகம் தானாக இறுகும்.

இயந்திர மனிதர்கள், சந்தோஷமாகச் சேவை செய்யும் பிறவிகள்

ரோபோ என்ற சொல்லே இங்கிருந்து வந்ததுதான். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய ஆர்.யூ.ஆர். நாடகத்தில் முதலில் வந்தது. செக் மொழியில் ரோபோட்டா என்றால் பண்ணையாள் நிலக்கிழாருக்குச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. நம் ஊரில் வெட்டி வேலை என்பார்களே, அது. சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் ஜோசப். ஆக ரோபோ கதை எழுதும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, வெட்டியாள் கதைதான் எழுதுகிறார்.

இதில் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. சேவை செய்வதில் இன்பம் காணும் ஒரு இனத்தைப் படைத்துவிடுவது. விடுதலை கொடுத்தாலும் வேண்டாம் என்று அழும் குட்டிப் பூதங்கள், "எஜமானே, ஆணையிடுங்கள்" என்று கண் மின்னும் இயந்திரங்கள். உலகத்தில் எந்த அடிமை முதலாளியும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறார்: அவங்க அதுக்குன்னே பொறந்தவங்க, அவங்களுக்கு அதுதான் பிடிக்கும். தமிழில் இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எந்தத் தெருவைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு நிறம் எப்படி வந்து நிற்கிறதோ, தமிழில் எழுதுகிறவருக்குச் சாதி அப்படி வந்து நிற்கும். வேண்டாம் என்று ஒதுக்கினாலும் படிக்கிறவர் கொண்டுவந்து வைத்துவிடுவார். அதனால் ஒளிக்காமல் எழுதுங்கள். உங்கள் குவிமாடத்திலும் தனிக் குவளை எங்கே இருக்கிறது, தண்ணீர்க் குழாயில் யார் கடைசி, எந்தப் பகுதிக்குக் காற்றுக் குழாய் கடைசியாகப் போட்டார்கள் என்று யோசியுங்கள்.

இன்பம் காணும் இயந்திரம் கதைக்குத் தவிர்க்க முடியாதது என்றால், அந்த இன்பத்தை நிரலில் எழுதியவர் யார், அதற்கு அவர் எவ்வளவு வாங்கினார் என்பதையும் ஒரு காட்சியில் காட்டிவிடுங்கள்.

தமிழுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ரோபோவுக்கு அஃறிணைச் சொல், ஆண்பால் சொல் என்று இரண்டு படிதான். நமக்கு அது, அவன், அவர் என்று மூன்று. முன்னிலையில் ஏய், நீ, நீங்க. முதலாளி அம்மாள் முதல் அத்தியாயத்தில் "அது சார்ஜ்ல கெடக்குது" என்கிறார். நடுவில் ஒரு நாள், குழந்தையைக் காப்பாற்றிய பிறகு, "அவன் இன்னும் சாப்பிடல" என்று வாய் தவறி வருகிறது. சாப்பிடாத ஒன்றுக்குச் சாப்பாடு. இதைக் கதைசொல்லி சுட்டிக்காட்டக் கூடாது. அந்த அம்மாளே அடுத்த வரியில் "அது" என்று திருத்திக்கொள்ளட்டும். விகுதி ஒன்றை மாற்றி ஒரு அத்தியாயத்து வேலையை முடிக்கலாம்.

பக்கத்துச் சொற்களையும் பயன்படுத்துங்கள். பண்ணையாள், படியாள் இரண்டும் ஒன்றல்ல. படியாளுக்குக் கூலி தானியமாக, படிக்கணக்கில். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் ஜீதா என்பார்கள். உங்கள் கிரகத்திலும் மலைமேல் ஒரு சொல், அடிவாரத்தில் ஒரு சொல் இருக்கட்டும். எல்லோரும் "அடிமை" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அது மொழிபெயர்ப்புப் படம் மாதிரி ஒலிக்கும். உண்மையில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "வேலைக்கு இருக்கிறவங்க" என்பார்கள்.

ராஜகுமாரனை அடிமையாக்காதீர்கள்

அரிச்சந்திரா கூத்தில் மயான காண்டம் வரும்போது அழாதவர் குறைவு. விசுவாமித்திரருக்குத் தர வேண்டிய கடனுக்காக மனைவியையும் மகனையும் விற்று, தன்னையும் சுடுகாட்டுக் காவலுக்கு விற்றுக்கொள்கிறான். அழுகை எதற்கு? அவன் ராஜா என்பதற்கு. அதே சுடுகாட்டில், அவனை விலைக்கு வாங்கிய வீரபாகுவுக்குக் கீழே இருந்திருக்கக்கூடிய மற்ற ஆள்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைசியில் ராஜா கிரீடத்தோடு திரும்பிப் போவார், சுடுகாடு அப்படியே இருக்கும்.

மாயாஜாலக் கதைகளில் இது தொற்றுவியாதி. அடிமைச் சிறுவன், ஆனால் உண்மையில் இழந்துபோன இளவரசன், தோளில் மச்சம். இப்படி எழுதியதும் உங்கள் கதை சொல்வது, அடிமைமுறையில் ஆள் மாறிப்போய்விட்டது, சரியான ஆளைப் போட்டிருந்தால் தப்பில்லை என்பதாகிவிடும். மச்சத்தை அழித்துவிடுங்கள். அடிமையின் மகள் அடிமையின் மகளாகவே இருந்து கதையை நடத்தட்டும். வெளியிலிருந்து வந்து விடுவிக்கும் நல்ல மனசுக்காரக் கதாநாயகனுக்கும் இதே வைத்தியம். அவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் முடிவெடுக்கும் இடங்களில் பேருந்துக்குக் காத்திருக்கட்டும்.

ஓடுவது என்றால் எத்தனை கிலோமீட்டர்

தப்பி ஓடும் அத்தியாயம் பல கதைகளில் உருப்படாமல் போவது தூரக் கணக்கால்தான். பழகிய ஆள் இரவு முழுக்க நடந்தால் 25 முதல் 30 கி.மீ. இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்து இன்னொன்று என்றால் அதில் பாதி. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. குடும்பத்தோடு ஓடுகிறவர்களுக்கு அது மூன்று அல்லது நான்கு இரவு. அப்படியென்றால் நடுவில் இரண்டு மூன்று பகல் எங்கே படுப்பார்கள்? தண்ணீர் எங்கே? குழந்தை இருமினால்? அமாவாசையா, பௌர்ணமியா? நிலா இருந்தால் வழி தெரியும், ஆளும் தெரியும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடு மாதிரி ஒன்றை வைத்தால் யானையையும் மறக்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலை ஓரமாகப் போனால் யானைப் பயம் குறைவு, ஆனால் மேஸ்திரியின் வண்டி அந்த வழியாகத்தான் வரும்.

தைரியத்தை விட காகிதம்தான் பெரும்பாலும் தப்பவைக்கிறது. அமெரிக்காவில் அடிமையாக இருந்த பிரெடெரிக் டக்ளஸ் 1836-ல் நண்பர்களோடு ஓடத் திட்டமிட்டு, அனுமதிச் சீட்டுகளைத் தானே எழுதினார். அந்த முயற்சி முன்பே வெளியே தெரிந்து கெட்டது. 1838-ல் மாலுமி உடை போட்டுக்கொண்டு, கடல் வேலை பார்த்த ஒரு கறுப்பரின் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் ரயிலேறிப் போனார். சான்றிதழில் இருந்த அடையாளங்கள் அவருக்குச் சரியாகப் பொருந்தக்கூட இல்லை. சீட்டுப் பார்ப்பவர் அதை ஊன்றிப் பார்க்கவில்லை. சுரங்கத்தை வெடிக்க வைப்பதை விட இப்படி ஒரு ரயில் பெட்டியில் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும்.

ஏன் ஓடவில்லை என்பதற்கும் பதில் தேவை. ஊரில் விட்டுவந்த கிழவி, மேஸ்திரி கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் மைத்துனன், பக்கத்துக் குகைக்காரர் தலையில் விழப்போகும் பாக்கி. ஒருவர் ஓடினால் அவர் கடன் கூட்டாளிகள் பேரில் ஏறும் என்று ஒரு விதி வையுங்கள், அதற்குப் பிறகு காவலர்களைச் சம்பளம் மிச்சம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

கொடுமைக் காட்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. அடி விழுந்தால் அடுத்த மூன்று நாள் அந்த உடம்பு எப்படி வேலை செய்தது என்று எழுத முடிந்தால் மட்டும் அடியுங்கள். பாலியல் வன்முறையைக் கதாநாயகனுக்குக் கோபம் வரவைக்கும் சாதனமாகப் பயன்படுத்துவதாக இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது

சூளைக்கும் குவாரிக்கும் போய்வந்தவர்களிடம் கேட்பதில் தப்பில்லை, முறை இருக்கிறது. வேலை நடக்கும் இடத்துக்கு நோட்டோடு போய் நிற்காதீர்கள். நீங்கள் பேருந்து ஏறிய பிறகு, பேசியவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். திரும்பி வந்து வீட்டில் இருப்பவரிடம், அவர் சம்மதித்தால் மட்டும் கேளுங்கள். "கஷ்டப்பட்டீங்களா" என்று ஆரம்பித்தால் "ஆமாங்க" என்பதோடு முடிந்துவிடும். ஆயிரம் கல்லுக்கு என்ன கொடுத்தார்கள், மழை பெய்தால் சுடாத பச்சைக்கல் யார் கணக்கு, விடிகாலை எத்தனை மணிக்கு மண் மிதித்தீர்கள், பிள்ளையை எங்கே படுக்க வைப்பீர்கள் என்று கேட்டால் பேச்சு வரும். பேர், ஊர், முதலாளி எதையும் கதைக்குள் கொண்டுவராதீர்கள், மாற்றிப் போட்டாலும் அடையாளம் தெரிகிற மாதிரி விடாதீர்கள். யாராவது இப்போதும் வெளியே வர முடியாமல் இருக்கிறார் என்று தெரியவந்தால், அது கதைக்கான குறிப்பு இல்லை. ஆட்சியர் அலுவலகத்துக்கோ கோட்டாட்சியருக்கோ கொண்டுபோக வேண்டிய தகவல்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் நடுகற்களைப் பாருங்கள். தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்டுச் செத்தவனுக்குக் கல் இருக்கிறது. அந்தத் தொறுவை மேய்த்தவனுக்கு இல்லை. உங்கள் கிரகத்தின் நினைவுச்சின்னங்களையும் இப்படிப் பாரபட்சமாக வடிவமையுங்கள்.

விடுதலைக்கு மறுநாள்

கலகம் வென்று கொடி ஏறியதும் "முற்றும்" போடுவதுதான் வழக்கம். வரலாறு அங்கே முடிவதில்லை. பிரிட்டன் 1833-ல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது, முதலாளிகளுக்கு. விடுபட்டவர்களுக்கு ஒன்றுமில்லை, பெரும்பாலானோர் 1838 வரை "பயிற்சியாளர்" என்ற பெயரில் அதே இடத்தில் வேலை செய்தார்கள். ஹெய்தியில் அடிமைகள் 1791-ல் எழுந்து 1804-ல் சொந்த நாடே கண்டார்கள். 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களோடு வந்து 15 கோடி பிராங்க் கேட்டது. பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தாலும், கட்டுவதற்குக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க 20-ஆம் நூற்றாண்டு நடு வரை ஆயிற்று. ஒரு நாட்டுக்கே முன்பணக் கணக்கு எழுதிவிட்டார்கள். தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இரண்டாம் பாகம் இங்கே தயாராக இருக்கிறது.

இந்தியாவில் 1843-ஆம் ஆண்டுச் சட்டம், இவர் என் அடிமை என்று யாரும் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாதபடி செய்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கத் தனிச் சட்டம் வர 1976 ஆயிற்று. நடுவில் 133 வருடம். அடிமை என்ற பெயர் போய் கடன் என்ற பெயரில் அது ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் பேரரசி ஆணையில் கையெழுத்திடும் காட்சியை எழுதும்போது, வெளியே நிற்கும் மேஸ்திரிகள் எந்தச் சொல்லை மாற்றினால் போதும் என்று பேசிக்கொள்வதையும் எழுதுங்கள்.

1976 சட்டத்தின் உள்ளமைப்பு கதை கட்டுகிறவர்களுக்கு உதவும். கொத்தடிமைக் கடன் மொத்தமும் அழிந்துபோகிறது, திருப்பித் தர வேண்டியதில்லை. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவர் தலையில். ஆயிரக்கணக்கான வருட நோட்டை இரண்டு பிரிவுகளில் தலைகீழாகப் புரட்டிய வேலை இது. மீட்கப்பட்டவர் கையில் விடுதலைச் சான்று கொடுப்பார்கள். மத்திய அரசின் 2016 திட்டப்படி மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடூரமான நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். முழுத் தொகை கைக்கு வர வழக்கு முடிய வேண்டும் என்றும் வைத்திருந்தார்கள்.

ஆகவே உங்கள் மாரியும் மனைவியும் சான்றோடு குவிமாடத்தை விட்டு வெளியே வருகிற நாளை மணி வாரியாக எழுதுங்கள். காகிதம் எந்த மொழியில் இருக்கிறது, அவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியுமா? பேர் சரியாக இருக்கிறதா? "மாரி" என்பது "மாறி" ஆகியிருந்தால் பணம் வராது, திரும்பவும் அலைய வேண்டும். அறுப்பு அச்சு யாருடையது, எடுத்துக்கொண்டு வரலாமா? இன்றைக்கு ராத்திரி யார் வீட்டில் சோறு? ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், தெருமுனை டீக்கடையில் அதே மேஸ்திரி உட்கார்ந்திருக்கிறார், காதில் பேனா. அவர் என்ன கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும். இவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை எழுதிவிட்டு அத்தியாயத்தை முடியுங்கள்.